நடுவரிடம் மட்டும் கத்தியவர்

அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய கத்தலைக் கேட்டுவிட்டேன்.

மெல்பர்னில் டாண்டினாங் பக்கம் அந்தப் பழைய செங்கல் வீட்டுக்கு நான் குடிவந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ அடித்தே கொல்லப்போவது போலிருந்தது. "கண்ணை எங்கயடா வைச்சிட்டு வந்தனி? சட்டையைப் பிடிச்சு இழுக்கிறான், பாத்துக்கொண்டு நிக்கிறாய்! விசிலை ஊதடா, விசர் மாடு!" போலீசைக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது கதவு தட்டப்பட்டது. சாரம் கட்டிய, ஒல்லியான, நாற்பது வயதுக்காரர் ஒருவர் நின்றார். இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பை.

"எழுப்பிப்போட்டனே தம்பி? குறை நினைக்காதையுங்கோ. இண்டைக்கு ரெஃப்ரி சரியில்லை."

இந்தக் குரலா அந்தக் குரல் என்று நம்பவே முடியவில்லை. நூலகத்தில் பேசுகிறவர் மாதிரிப் பேசினார்.

கொரோனாவின் முதல் ஆண்டு அது. ஊரடங்கில் நான் வேலை செய்த உணவகம் மூடிவிட்டது. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். எப்படிப் போவது, விமானமே இல்லையே என்பதை யாரும் சொல்லவில்லை. படிக்க வந்த திருச்சிக்காரனான நான் கோழி வெட்டும் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியில் பெயர் கொடுத்து, அங்கே வேலை செய்கிற யாழ்ப்பாணத்துக்காரர்களின் வீட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டேன். அவரும் அதே தொழிற்சாலை, அதே பிற்பகல் ஷிஃப்ட். அதனால் காலை நேரங்கள் எங்களுக்குச் சொந்தமாக இருந்தன. அவருடைய காலைகள் ஸ்காட்லாந்துக்குச் சொந்தமாக இருந்தன.

ஸ்காட்லாந்தில் சனிக்கிழமை நடக்கும் கால்பந்து ஆட்டத்தை ஞாயிறு காலையில் மறு ஒளிபரப்பாகப் பார்ப்பார். அதுவரை முடிவை யாரும் சொல்லிவிடக் கூடாது. போனை அணைத்து அரிசி வாளிக்குள் போட்டுவிடுவார். குசினியில் பிட்டு அவிக்கும்போது யாராவது தப்பித்தவறி வாயைத் திறந்தால், "கதைக்காதையுங்கோ, கதைக்காதையுங்கோ" என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார். பிறகு மடிக்கணினியைப் பழைய டிவியில் இணைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்தால், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு நடுவர் படும் பாடு எதிரிக்கும் வரக் கூடாது.

வீட்டைவிட்டு வெளியே போனால் அந்தக் குரல் அவரிடமிருந்து ஒருபோதும் வராது. அதுதான் என்னை முதலில் எரிச்சல்படுத்தியது. ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் ஓர் ஆள் தள்ளுவண்டியால் அவருடைய குதிகாலில் நன்றாகவே இடித்தான். இவர் திரும்பி "சாரி" என்றார். அவன் பதிலுக்கு ஏதோ கெட்ட வார்த்தையை முணுமுணுத்துவிட்டு, உங்கள் நாட்டுக்கே திரும்பிப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். இவர் அவனிடமும் தலையை ஆட்டினார். குதிகாலில் ரத்தம்.

"என்னண்ணா நீங்க, அவன் இடிச்சுட்டு அவனே திட்டுறான், நீங்க சாரிங்கறீங்க?"

"விடுங்கோ தம்பி. எனக்கு இவங்களோட கத்த அனுமதி இல்லை."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மருந்து போடும்போதுதான் விளக்கினார். அவர் படகில் வந்தவர். படகில் வருகிறவர்களை அடைத்து வைக்கும் கிறிஸ்மஸ் தீவு முகாமிலிருந்து வெளியே விட்டபோது, நல்ல நடத்தைக்கான விதிகள் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். யாரையும் மிரட்டக் கூடாது, தொந்தரவு பண்ணக் கூடாது. மீறினால் விசா போகலாம், மறுபடி முகாம். அகதிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். வழக்கு எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. அதுவரை கையில் ஓர் இடைக்கால விசா. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது.

"நல்ல பிள்ளையா இருப்பன் எண்டு ஒப்பம் வைச்சனான். இஞ்ச ஒருத்தன் எனக்கு அடிச்சாலும் முதல் நான்தான் மன்னிப்புக் கேக்கோணும். ஆனா ஸ்காட்லாந்து ரெஃப்ரிக்கு ஏசக் கூடாது எண்டு அந்தத் தாளில போடேல்லை."

சொல்லிவிட்டு, ஏற்கெனவே பார்த்த ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டார். முடிவு தெரிந்த ஆட்டம். அதற்கே தெரு கேட்கக் கத்தினார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கும் யார்மேலாவது கத்த வேண்டும் போலிருந்தது.

ஸ்காட்லாந்து அவருக்குள் வந்தது அவருடைய அண்ணன் வழியாக. அண்ணன் இரண்டு வயது மூத்தவர். ஏஜென்டு பிடித்து லண்டனில் இறங்கியவரை, அகதிகளுக்கு வீடு அங்கேதான் இருக்கிறது என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். அங்கே பஸ் ஓட்டினார். கடவுச்சீட்டும் கிடைத்துவிட்டது. கடற்கரை மணலில் ஒரே பந்தை உதைத்து வளர்ந்த இரண்டு பேரில் ஒருவர் விமானத்தில் போனார், இன்னொருவர் படகில் வந்தார். அதற்கு மேல் அவர்களுக்குள் வித்தியாசம் எதுவும் இல்லை. அவர் ஒரு நாட்டின் குடிமகன். இவர் வேலிக்குள்.

கிளாஸ்கோவில் இரண்டு பெரிய கிளப்புகள். ஒன்று பச்சை, ஒன்று நீலம். நூறு வருடத்துக்கும் மேலான பகை. ஒன்று கத்தோலிக்கர்களுடையது, மற்றது புரட்டஸ்தாந்துகாரர்களுடையது என்பார்கள். அண்ணன் வேலை செய்த டிப்போவில் பச்சைக்காரர்கள் அதிகம், அதனால் அவர் பச்சையாகிவிட்டார். அண்ணனை எரிச்சல்படுத்துவதற்காகவே இவர் நீலத்தைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற ஆக்கள். எங்களுக்கு என்ன பச்சை, என்ன நீலம்? ஆனா அண்ணை எண்டா எதிர்ப்பக்கம் நிண்டாத்தானே கதைக்கலாம்" என்பார்.

அந்த வருடம் பச்சைக்காரர்கள் தொடர்ந்து பத்தாவது முறையாகப் பட்டம் வெல்லப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்ததும் அரிசி வாளியிலிருந்து போனை எடுத்து அண்ணனைக் கூப்பிடுவார். "உங்கட டிஃபென்ஸ் என்ன, கோவில் வாசலே? வாறவன் போறவன் எல்லாம் உள்ளுக்க வாறான்!" அந்தப் பக்கம் அண்ணன் கத்துவார். கேட்டுக்கொண்டிருந்தால் சொத்துத் தகராறு என்றுதான் தோன்றும். ஆனால் அவர் மனம்விட்டுக் கத்திப் பேசிய ஒரே மனிதர் அந்த அண்ணன்தான். நேரில் பார்த்து எட்டு வருடத்துக்கு மேல். அந்த ஏப்ரலில் மெல்பர்னுக்கு வர அண்ணன் டிக்கெட் எடுத்திருந்தார். மார்ச்சில் ஆஸ்திரேலியா எல்லையை மூடிவிட்டது.

ஒரு காலை, செய்தியில் எல்லை மூடப்பட்டதால் தவிக்கும் ஆஸ்திரேலியர்களைக் காட்டினார்கள். லண்டனில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் அழுதாள். "ஒரு வருஷமா அம்மாவைப் பார்க்கலண்ணா, எனக்கும் அப்படித்தான் இருக்கு. இப்ப எல்லாரும் ஒரே நிலைமைலதான் இருக்கோம்" என்று நான் சொல்லிவிட்டேன்.

அவர் டிவியை அணைத்தார்.

"ஒரே நிலைமையோ? தம்பி, இவையளுக்குக் கதவு பூட்டினது கிருமிக்கு. கிருமி போனா திறப்பினம். எனக்குப் பூட்டினது என்னைப் பாத்து. சில மாசம் பூட்டி வைச்சதுக்கு நாடே அழுகுது. நான் அழுதா நல்ல நடத்தை இல்லையாம்."

குரல் உயரவே இல்லை. அதுதான் சுட்டது.

நவம்பரில் ஸ்காட்லாந்து தேசிய அணி செர்பியாவோடு மோதியது. வென்றால் ஐரோப்பியக் கோப்பையில் ஆட இடம். அண்ணன் அந்த நாட்டுக்குப் போன நாளிலிருந்து ஆண்கள் அணி எந்தப் பெரிய போட்டிக்கும் போனதில்லை. கிளப் என்றால் எதிரெதிராக நிற்கிற அண்ணனும் தம்பியும் நாடு என்றால் ஒரே பக்கம். எங்களுக்கு விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆட்டம். அண்ணன் அனுப்பிய கருநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனில் அண்ணனின் முகம். இரண்டு கண்டங்களில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே நடுவரைத் திட்டினார்கள்.

கடைசி நிமிடம் வரை முன்னிலையில் இருந்துவிட்டு, கோல் வாங்கினார்கள். இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கூடுதல் நேரம் போனது. பெனல்டி வந்தது. கடைசிப் பந்தைக் கோல்கீப்பர் தடுத்தார். தடுத்தும் அவர் கொண்டாடவில்லை. கோல் கோட்டிலிருந்து முன்னால் வந்துவிட்டேனா, செல்லுமா செல்லாதா என்று நடுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்லடா! சொல்லித் துலையடா! எவ்வளவு நேரமடா ஒரு மனிசனைக் காக்க வைப்பாய்!" என்று இவர் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. செல்லும் என்று நடுவர் காட்டினார்.

போனில் அண்ணன் அழுதுகொண்டிருந்தார். "போறமடா! நாங்கள் போறம்! வாற வருசம் கிளாஸ்கோவிலயே மேட்ச். நாங்கள் போறம்!"

இவருடைய முகம் மாறியது.

"ஆர் நாங்கள்?"

"என்னடா?"

"நாங்கள் எண்டு ஆரைச் சொல்லுறாய்? நீ போறாய். உனக்குப் பாஸ்போர்ட் இருக்கு, நீ போ. நான் வீடு மாறினாலே இமிகிரேஷனுக்கு விலாசம் குடுக்கோணும். என்னை ஏன் உந்த நாங்களுக்குள்ள இழுக்கிறாய்?"

"தம்பி, நான் ஒரு சந்தோசத்தில..."

"சந்தோசம் உனக்கு. வை போனை."

சட்டையைக் கழற்றிச் சுருட்டி எறிந்தார். அன்றிலிருந்து அண்ணனின் அழைப்புகளை எடுக்கவில்லை. கிறிஸ்மஸ் போனது. புது வருடத்தில் பச்சையும் நீலமும் மோதி நீலம் வென்றது. வருடம் முழுக்கக் காத்திருந்த வெற்றி. அன்றைக்கும் கூப்பிடவில்லை. "எடுத்துப் பேசுங்கண்ணா" என்று நான் சொன்னதற்கு, "அவனுக்கு விளங்கோணும்" என்றார்.

ஜனவரி நடுவில், தொழிற்சாலையில் பிற்பகல் ஷிஃப்ட் தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். நானும் அவரும் எதிரெதிரே நின்று கோழித் தொடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். வரிசையில் நிற்கும்போது போன் வைத்திருக்கக் கூடாது. அவர் விதியை மீறாதவர். ஆனால் மூன்று நாளாக அண்ணி அனுப்பிய செய்திகளால் போனைக் கோட்டுக்குள் வைத்திருந்தார். அண்ணனுக்குக் கொரோனா. பஸ்ஸில் யாரிடமிருந்தோ வந்தது. மூச்சு மோசமாகிக்கொண்டிருந்தது.

போன் அதிர்ந்தது. கையுறையைக் கழற்றி எடுத்தார். அண்ணனே பேசினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மயக்கி, தொண்டையில் குழாய் வைக்கப்போகிறார்கள். அதற்கு முன் பேச வேண்டுமென்று நர்ஸிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

மேற்பார்வையாளன் வந்துவிட்டான். வயது முப்பதுகூட இருக்காது. இவர் எப்போதும் அவனிடம் பேசும் அதே மெல்லிய குரலில், உடைந்த ஆங்கிலத்தில், அண்ணன் ஆஸ்பத்திரியில் என்றும் ஐந்து நிமிடம் வெளியே போக வேண்டும் என்றும் சொன்னார்.

"எல்லாருக்கும்தான் குடும்பம் இருக்கு, மேட். இடைவேளைல பேசிக்கோ. போனை உள்ள வை, லைன் நிக்குது" என்றான் அவன்.

"ப்ளீஸ்" என்றார் இவர். அவன் கையை நீட்டி, போனைக் கொடு என்றான்.

அந்தக் கணத்தில் வீட்டுக் குரல் தொழிற்சாலையில் கேட்டது. அதுவும் ஆங்கிலத்தில். அவருக்குச் சரளமாக வந்த ஆங்கிலம் ஒன்றே ஒன்றுதான், ஸ்காட்லாந்து ரசிகர்கள் நடுவரைத் திட்டும் ஆங்கிலம். "ஆர் யே பிளைன்ட், மேன்? அவே அன் பாய்ல் யேர் ஹெட்!" உனக்குக் கண் குருடா, போய் உன் தலையை அவித்துக்கொள் என்று அர்த்தம். கிளாஸ்கோ உச்சரிப்பு அப்படியே. இயந்திரச் சத்தத்தை மீறி அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. எங்கள் வரிசையே கையை நிறுத்திவிட்டது. அவர் முன்கச்சையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார்.

திரைக்கு அப்பால் வெயிலில் அவர் முன்னும் பின்னும் நடப்பது தெரிந்தது. கத்திக்கொண்டே நடந்தார். என்ன கத்தினார் என்று பிறகு சொன்னார். அண்ணன், "ஒண்டும் யோசிக்காத, கொஞ்ச நாள் நித்திரை கொள்ளப்போறன்" என்றாராம். இவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை. "நித்திரையால எழும்பாமல் இருந்து பார், அப்ப தெரியும் நான் ஆரெண்டு! உங்கட பத்துப் போகுது, அதைப் பாக்காமல் நைசா நழுவலாமெண்டு நினைக்காத! எழும்பு! விளங்குதோ? எழும்பிப் பேச்சு வாங்கு!" என்று திட்டியிருக்கிறார். அண்ணன் சிரித்தாராம். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் போனை வாங்கிக்கொண்டாளாம்.

மறுநாள் வர வேண்டாம் என்று ஏஜென்சி செய்தி அனுப்பியது. அதோடு நிற்கவில்லை. மேற்பார்வையாளனைக் கொதிநீரில் போடுவதாக மிரட்டினார் என்று புகார் எழுதியிருந்தார்கள். கோழியின் இறகு கழற்ற அங்கே ஒரு கொதிநீர்த் தொட்டி உண்டு. தலையை அவி என்றதை அந்தத் தொட்டியோடு சேர்த்துவிட்டார்கள்.

வரிசையில் நின்ற ஆறு பேரை அழைத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போனேன். இரண்டு வியட்நாமியப் பெண்கள், மூன்று ஆப்கானியர்கள், ஒரு பஞ்சாபி. நடந்ததை ஒவ்வொருவராகச் சொன்னோம். அது ஸ்காட்லாந்தில் வாய்க்கு வாய் சொல்கிற வசவு, பாட்டிகள்கூடப் பேரப்பிள்ளைகளைத் திட்டுவார்கள், மிரட்டல் இல்லை என்று நான் விளக்கினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆனால் அவர் ஸ்காட்லாந்துக்காரர் இல்லையே" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வெள்ளைத்தோல் சொன்னால் வேடிக்கைப் பேச்சு, படகில் வந்தவர் சொன்னால் கொலை மிரட்டல்.

அதற்குப் பின் வந்த வாரங்கள் கொடுமையானவை. புகார் குடிவரவுத் துறைக்குப் போயிருந்தால் மறுபடி முகாம். வாசலில் கார் நின்றால் அவர் கழிப்பறைக்குள் போய்விடுவார். இரண்டு சட்டையும் பல் துலக்கியும் வைத்த ஒரு தோள்பை கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது. ஒரு பக்கம் அந்தப் பயம், இன்னொரு பக்கம் கிளாஸ்கோவில் குழாயோடு கிடக்கும் அண்ணன். மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று வீட்டிலிருந்த மற்றவர்கள் கேட்டார்கள்.

"சூப்பர் மார்க்கெட்டில இடிச்சவனிட்டக் கேட்டன். பஸ்ஸில துப்பினவனிட்டக் கேட்டன். இவனிட்டக் கேக்கமாட்டன். கொண்டுபோறதெண்டா கொண்டுபோகட்டும்."

மார்ச் தொடக்கத்தில் நீலக் கிளப் பட்டம் வென்றது. பச்சையின் பத்து உடைந்தது. இவர் வருடக்கணக்காகக் காத்திருந்த நாள். கிளாஸ்கோ தெருக்களில் நீலச் சட்டைகள் கும்மாளமிடுவதைக் காட்டினார்கள், கொரோனா எல்லாம் முடிந்துவிட்டது போல. இவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து பார்த்தார்.

"அங்க ஆஸ்பத்திரியில சனம் மூச்சுக்குத் தவிக்குது. இவங்கள் ஆளை ஆள் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஆடுறாங்கள். வெக்கங்கெட்ட நாய்கள்" என்று தன்னுடைய சொந்த ஆட்களையே திட்டினார். பிறகு மெதுவாக, "இப்ப வெண்டு என்ன பிரியோசனம்? ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?" என்றார்.

மாதக் கடைசியில் அண்ணன் கண் திறந்தார். குழாயை எடுத்து ஒரு வாரம் கழித்து வீடியோவில் காட்டினார்கள். அடையாளம் தெரியாத முகம். குரல் இல்லை, வெறும் காற்று. அந்தக் காற்றில் அண்ணன் முதலில் கேட்டது, "ஆர் வெண்டது?"

உடம்பு தேறட்டும், பொய் சொல்லுங்கள் என்று நான் கையால் சாடை காட்டினேன். அவர் என்னை முறைத்தார்.

"நீலம். இருபது புள்ளி வித்தியாசம். ஒரு மேட்ச்கூடத் தோக்கேல்லை. உங்கட பத்துப் போச்சு. போச்சு, போச்சு, போச்சு!" கத்திக்கொண்டே வந்தவர், பாதியில் போனை என் கையில் திணித்துவிட்டுக் குசினிக்கு ஓடினார். அங்கே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவர் அழுதது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. திரையில் அண்ணன் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

புகாருக்கு என்ன ஆனது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அவரைக் கொண்டுபோகவும் இல்லை, குற்றமில்லை என்று சொல்லவும் இல்லை. அவர் வேறொரு ஏஜென்சி வழியாகப் பேக்கரி ஒன்றில் வேலைக்குப் போனார்.

ஜூனில் கோப்பை. ஸ்காட்லாந்து முதல் ஆட்டத்தில் சொந்த மண்ணிலேயே தோற்றது. இங்கிலாந்தோடு ஆடியது எங்களுக்கு விடிகாலை. போன் திரையில் அண்ணன், தன் வீட்டு சோஃபாவில், தோளில் போர்வையோடு. "கத்தடா, எனக்குக் கத்தேலாது, எனக்கும் சேத்துக் கத்து" என்று அந்தக் காற்றுக் குரலில் கேட்டார். இவர் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினார். கோலே இல்லாத அந்த ஆட்டம் முடிந்தபோது, கோப்பையையே வென்ற மாதிரி இருவரும் சிரித்தார்கள். அடுத்ததில் குரோஷியாவிடம் தோற்று, அதோடு கதை முடிந்தது. ஸ்காட்லாந்து வீட்டுக்குப் போகிறது என்று வர்ணனையாளர் சோகமாகச் சொன்னார்.

"என்னத்துக்கு அழுகிறாய்?" என்று அவரிடமும் சண்டைக்குப் போனார் இவர். "தோத்தா வீட்ட போகலாம் எண்டுறது எவ்வளவு பெரிய விசயம். எனக்கும் தோல்வி எண்டுதான் எழுதித் தந்தவங்கள். நான் எங்க போறது?"

படிப்பு முடிந்து எனக்கு சிட்னியில் வேலை கிடைத்தது. இப்போது அங்கே கெல்லிவில் புறநகரில் வீடு, நிரந்தர விசா, குடியுரிமை விழாவில் கையில் கொடுத்த சிறு மரக்கன்று எல்லாம் ஆகிவிட்டது. கோழி வெட்டக் கற்றுக்கொண்டது அவரோடு, ஒரே வரிசையில், ஒரே கத்தியால். எனக்குக் கிடைத்தது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு, நான் விமானத்தில் வந்தேன் என்பதைத் தவிர ஒரு காரணமும் கிடையாது. படகில் வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு நிரந்தர விசா என்று பிறகு அரசாங்கம் அறிவித்தபோது, சந்தோஷமாகக் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னேன். "முதல் செய்தியை முழுசா வாசியுங்கோ தம்பி" என்று சீறினார். தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் அது. அவரைப் போல நிராகரிக்கப்பட்டவர்கள் அதில் இல்லை.

அதற்கும் அடுத்த ஆண்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். மெல்பர்ன் டொக்லண்ட்ஸில், குடிவரவு அலுவலகத்தின் எதிரே நடைபாதையில், கூடாரம் போட்டு. தமிழர்கள், ஈரானியர்கள், பெண்கள், பிள்ளைகள் என்று முறை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில். முதல் நாளிலிருந்து அவரும் அங்கே. அண்ணன் அதைக் கேள்விப்பட்டு, டாக்டர் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் விமானம் ஏறிவிட்டார்.

நான் சிட்னியிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு போனேன். அண்ணன் மடக்கு நாற்காலியில், மஃப்ளர் சுற்றிக்கொண்டு, நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடம் கழித்துத் தம்பியைப் பார்க்க வந்தவர், இரண்டு வாரத்தையும் அந்தக் கூடாரத்திலேயே கழித்தார். "விமான நிலையத்தில கண்டவுடன என்ன செய்தவன் தெரியுமோ?" என்று மெல்லிய குரலில் சொன்னார். "கட்டிப்பிடிப்பான் எண்டு பாத்தன். 'இந்தச் சுவாசப்பையோட உன்னை ஆர் வரச் சொன்னது, விசரா' எண்டு அந்தச் சனத்துக்குள்ள நிண்டு அரை மணித்தியாலம் ஏசினவன்."

"ஏசாமல்?" என்றார் இவர்.

திரும்பிப் போகும் நாளில் நான்தான் அவர்களை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனேன். கதவு வரை இவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே வந்து டீ குடிக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்றேன். வரவில்லை. அண்ணன் தம்பியின் தலையைப் பிடித்து நெற்றியை நெற்றியோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போனார். இவர் திரும்பி வேகமாக நடந்து காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

"வீட்டுக்குத்தானேண்ணா?"

"இல்லை. டொக்லண்ட்ஸுக்கு விடுங்கோ. என்ர முறை."

கார் முழுதாக நிற்பதற்குள் இறங்கினார். கூடாரத்திலிருந்த ஈரானியப் பெண்ணொருத்தி நீட்டிய ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, அலுவலகத்தைப் பார்த்து நின்றார். தரையிலிருந்து உச்சிவரை கண்ணாடி. உள்ளே யார் இருக்கிறார்கள், கேட்கிறார்களா, வெளியிலிருந்து தெரியாது. எங்கள் தெருவே நடுங்கிய அந்தக் குரலில், தன் முழுப் பெயரையும், எத்தனை வருடமாக இந்த நாட்டில் வேலை செய்கிறார் என்பதையும் சொல்லிவிட்டு, "எனக்குப் பதில் சொல்" என்றார். யாரும் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் பெயரிலிருந்து தொடங்கினார்.